சைடு சில்லைக் காக்க ராக் ஸ்லைடர்: வெல்டிங்கா, போல்ட்டா?

கேட்டது இதுதான்: ஏணி சேஸிஸ் (இரண்டு நீளச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும் தனி அடிச்சட்டம்) வைத்த, ஐந்து கதவுள்ள ஒரு நான்கு சக்கர இயக்க வண்டி. பாறைப் படி ஒன்றில் இறங்கும்போது கம்பெனி கொடுத்த ஃபுட்ஸ்டெப் மடங்கி, அதுவே கதவுக்குக் கீழே இருக்கும் சைடு சில்லை உள்ளே தள்ளிவிட்டது. இப்போது தடித்த பைப்பில் ராக் ஸ்லைடர் (பாறையில் வண்டி வழுக்கிச் செல்ல, சில்லை ஒட்டி நெடுக நிற்கும் காப்புச் சட்டம்) போட எண்ணம். பட்டறைக்காரர் சேஸிஸில் வெல்ட் வைத்துத் தருகிறேன் என்கிறார், நண்பர் போல்ட்டே போதும் என்கிறார். எது சரி, எந்த அளவு பைப், நாமே செய்ய முடியுமா?

முதலில் பதில், அப்புறம் விளக்கம். உங்கள் வண்டிக்கு போல்ட். அதுவும் சேஸிஸில்தான், பாடியில் ஒரு திருகுகூடப் போகக் கூடாது. வெல்டிங் தெரிந்தவராக இருந்தால் ஸ்லைடரை நீங்களே செய்யலாம். தெரியாவிட்டால் வாங்கி, பொருத்தும் வேலையை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.

ஃபுட்ஸ்டெப்பைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு ஆள் காலை வைத்து ஏறுகிற எடைக்கு மட்டும்தான் அது செய்யப்படுகிறது. மெல்லிய தகட்டில் அடித்த பிராக்கெட், பெரும்பாலும் பாடியில் இருக்கும் துளைகளிலேயே மாட்டியிருப்பார்கள். வண்டியின் பாதி எடை ஒரு பாறை முனையில் உட்காரும்போது அந்த பிராக்கெட் மேல்நோக்கி மடங்குகிறது, பைப் நேராகச் சில்லில் போய்க் குத்துகிறது. அதனால்தான் ஃபுட்ஸ்டெப்பே இல்லாத வண்டியைவிட உங்கள் வண்டிக்கு மோசமான அடி விழுந்தது. கடைகளில் ஸ்லைடர் என்ற பெயரில் விற்பதில் பாதி, தடித்த பெயின்ட் அடித்த ஃபுட்ஸ்டெப்தான். கண்டுபிடிப்பது சுலபம்: கீழே படுத்து, ஸ்லைடரைத் தாங்கும் கால்கள், அதாவது அதை வண்டியோடு இணைக்கும் குறுக்குப் பைப்புகள், எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள். சேஸிஸ் சட்டத்தின் பக்கவாட்டில், கையகலத் தகட்டில் முடிந்தால் ஸ்லைடர். பாடி மடிப்பில் இரண்டு சின்ன போல்ட்டில் முடிந்தால் அது ஏறி இறங்க மட்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும். வண்டி 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்து எடை சுமார் 1,000 கிலோ. அதை மெதுவாக இறக்கி வைத்தால் 1,000 கிலோதான். ஆனால் சக்கரம் வழுக்கி, சட்டென்று பாறையில் உட்கார்ந்தால் இரும்புக்குள் ஏறும் அழுத்தம் அதைப் போல் இரண்டு மடங்கு. துளி உயரத்திலிருந்துகூட விழ வேண்டாம். திடீரென்று ஏறும் பாரத்தின் குணமே அது. ஆக 2,000 கிலோவுக்குக் கணக்குப் போட வேண்டும். ஸ்லைடர் சேஸிஸிலிருந்து 30 செ.மீ. வெளியே நிற்கிறது, மூன்று கால்கள், மூன்றும் சமமாகப் பங்கு போடுகின்றன என்றால், ஒவ்வொரு காலின் அடியிலும் சுமார் 1,960 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புத்திறன் விழும். கால் 50-க்கு 50 மி.மீ. சதுரப் பைப், 5 மி.மீ. சுவர் என்றால் இரும்புக்குள் அழுத்தம் 160 மெகாபாஸ்கல் அளவில் வரும். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250 வாக்கில்தான் நிரந்தரமாக வளைய ஆரம்பிக்கும், எனவே தாங்கும். அதே பைப்பை 3 மி.மீ. சுவரில் எடுத்தால் அழுத்தம் 235-க்கு ஏறிவிடுகிறது. விளிம்பில் நிற்கிறீர்கள். பாறை நேராக ஒரு காலுக்கு அடியிலேயே வந்தால் பங்கு போட ஆளே இல்லை, வளைந்துதான் போகும். நீளமாக ஓடும் முதன்மைப் பைப் விறைப்பாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். அடியைப் பக்கத்துக் கால்களுக்குக் கடத்துவது அந்தப் பைப்.

எனவே காலுக்கு 50 மி.மீ. சதுரம், 4 முதல் 5 மி.மீ. சுவர். முதன்மைப் பைப்புக்கு 100-க்கு 50 செவ்வகம், இல்லாவிட்டால் 60 மி.மீ. சதுரம், 4 மி.மீ. சுவராவது. வட்டப் பைப் பிடித்தவர்கள் 44 மி.மீ. வெளிவிட்டத்தில் 3 மி.மீ. சுவர் போடுகிறார்கள். அதை வெளிப்புறச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தனியாக முதன்மைப் பைப்பாகப் போட எனக்கு மனம் வராது. வட்டப் பைப்பில் தையல் பைப் (தகட்டை உருட்டி, நீளவாக்கில் வெல்ட் வைத்தது), டிஓஎம் என்று இரண்டு வகை சொல்வார்கள். டிஓஎம் என்பது இரும்பின் ரகம் இல்லை, தயாரிக்கும் முறை. வெல்ட் செய்த பைப்பைக் குளிர்ந்த நிலையில் அச்சுக்குள் இழுத்து எடுப்பதால் அளவும் துல்லியமாக வரும், வலுவும் கூடும். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சுவரைக் கொஞ்சம் தடிமனாக எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அலுமினியம் வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். எடை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பாறையில் இரும்பு வழுக்கும், அலுமினியம் கடிபட்டு நிற்கும். வழுக்கிச் செல்வதற்கென்றே போடுகிற ஒரு பொருள் பாறையைப் பிடித்துக்கொண்டால் என்ன பயன்? இரும்பில் ஒரு ஜோடி 40 கிலோவைத் தாண்டக்கூடும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நல்ல வேளை, அந்த எடை தாழ்வாகவும் வண்டியின் நடுவிலும்தான் ஏறுகிறது.

சரி, வெல்டிங்கா போல்ட்டா. பழைய வண்டி, மைல்ட் ஸ்டீல் சேஸிஸ், பாறை விளையாட்டுக்கென்றே ஒதுக்கியது என்றால் வெல்டிங்கில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தினசரி ஓடும், சமீபத்து வண்டிகளின் சேஸிஸில் உயர் வலு இரும்பு வருகிறது. வெல்டின் சூடு பட்ட விளிம்பில் அதன் குணம் மாறிவிடும். பின்னால் விரிசல் விடுவது பெரும்பாலும் வெல்டில் இல்லை, வெல்டுக்குப் பக்கத்தில். வெல்ட் வைத்தே ஆக வேண்டும் என்றால் காலை நேராகச் சேஸிஸில் ஒட்டாதீர்கள். சேஸிஸின் தடிமனுக்கு நிகரான தகட்டை, மூலைகளை உருட்டி, முதலில் சேஸிஸின் பக்கச் சுவரில் வையுங்கள்; கால் அந்தத் தகட்டில் உட்காரட்டும். வெல்ட் சேஸிஸின் நீளவாக்கில் ஓட வேண்டும். மேலிருந்து கீழாக, சட்டத்தைக் குறுக்கே வெட்டுவதுபோல் ஒரு கோடு இழுத்தால் அங்கேதான் ஒருநாள் கிழியும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளைத் தொடவே வேண்டாம். வளைவின் இழுவிசை அங்கேதான் உச்சம்.

போல்ட் முறையில் எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்திருக்கிறேன். என் முதல் ஸ்லைடரை, பெட்டிச் சட்டமான சேஸிஸின் இரண்டு சுவரையும் துளைத்து, நீள போல்ட் விட்டு இறுக்கினேன். இறுக்கினேன், இறுக்கினேன், டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) சொன்ன அளவு வரவே இல்லை. மறுவாரம் மறுபடி தளர்ந்திருந்தது. விஷயம் என்னவென்றால், உள்ளே வெற்றிடம். போல்ட் இறுக இறுகப் பெட்டியின் சுவர்கள் உள்ளே நசுங்கிக்கொண்டிருந்தன. போல்ட்டின் இறுக்கத்தை வாங்கிக்கொள்ள, சட்டத்தின் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டிய ஒரு தடித்த குழாயை உள்ளே வைத்து, அதற்குள் போல்ட்டை விட வேண்டும். அந்தக் குழாய்த் துண்டு இல்லாமல் பெட்டிச் சட்டத்தைக் குறுக்கே இறுக்காதீர்கள். உள்ளே நுழைக்க வழியில்லாத இடத்தில் சட்டத்தைச் சுற்றி யு-போல்ட் அல்லது மேலும் கீழும் தகடு வைத்துக் கவ்வுவது நல்லது. கம்பெனியே சேஸிஸில் விட்டிருக்கும் திருகுத் துளைகள் இருந்தால் அதைவிட வசதி இல்லை. புதுத் துளையே வேண்டாம். ரிவெட் நட் (துளைக்குள் நசுக்கிப் பிடிக்க வைக்கும் நட்) மட்டும் போட்டு முடித்துவிடலாம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். நிற்க வைக்கும் வேலைக்கு அது ஆகும், பாரம் சுமக்கும் வேலைக்கு ஆகாது.

பாறை ஸ்லைடரை மேலே தள்ளும்போது, கால் முடிகிற தகட்டின் மேல் பாதி சேஸிஸை அழுத்துகிறது, கீழ்ப் பாதி சேஸிஸை விட்டுப் பிரியப் பார்க்கிறது. ஆகவே கீழ் வரிசை போல்ட்டுகள்தான் உண்மையில் உழைப்பவை. மேல் கீழ் வரிசைக்கு நடுவே 100 மி.மீ. இடைவெளி என்றால், மேலே போட்ட கணக்கின்படி ஒரு காலின் கீழ் வரிசை கிட்டத்தட்ட 20 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும், அதாவது 2 டன். 8.8 ரகத்தில் (போல்ட்டின் தலையில் இருக்கும் வலு எண்) ஒரு எம்12, அதாவது 12 மி.மீ., போல்ட் 48 கிலோநியூட்டன் வரை நீளாமல் தாங்கும், எம்10 போல்ட் 33 வரை. கீழே இரண்டு எம்12 போட்டால் கவலை இல்லை. இடம் இருந்தால் வரிசைகளை இன்னும் விலக்கி வையுங்கள், இழுவை அந்த அளவுக்குக் குறையும். உலர்ந்த திருகில் எம்10-க்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், எம்12-க்கு 80 முதல் 85 வரை இறுக்கலாம். எண்ணெய் தடவிய திருகு என்றால் இந்த அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் போல்ட் நீண்டுவிடும். தலையில் எந்த எண்ணும் இல்லாத போல்ட் கையில் கிடைத்தால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கால்களை எங்கே வைப்பது? கண்ணுக்குச் சீராகத் தெரிகிற இடைவெளியில் இல்லை. சேஸிஸின் குறுக்குச் சட்டம் எங்கே வந்து சேருகிறதோ, அதற்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே. ஸ்லைடர் சேஸிஸை மேலே தூக்குவது மட்டும் இல்லை, முறுக்கவும் செய்கிறது. பெட்டிச் சட்டம் முறுக்கை ஓரளவு தாங்கும். திறந்த சி வடிவச் சட்டம் தாங்காது, குறுக்குச் சட்டம்தான் காப்பாற்ற வேண்டும். சுஸுகி ஜிம்னி போன்ற 2,250 மி.மீ. வீல்பேஸ் வண்டிக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று கால் போதும். ஜீப் ராங்லரின் நான்கு கதவு மாடலில் வீல்பேஸ் 3,008 மி.மீ.; அந்த நீளத்துக்கு நான்கு போடுங்கள். நீள வண்டிக்குத்தான் ஸ்லைடர் அதிகம் தேவை என்பதும் இதிலேயே தெரியும். சக்கரங்கள் விலக விலக, நடு வயிறு மேட்டில் தட்டுவது அதிகமாகும்.

இங்கே ஒரு இடைச்செருகல், இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்காக. தனி சேஸிஸ் இல்லாத மோனோகாக் வண்டி வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. லாடா நிவா, பழைய ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே எல்லாம் அந்த வகை. அங்கே சைடு சில்லே வண்டியின் முதுகெலும்பில் ஒரு பகுதி. பாரத்தைச் சில்லின் மடிப்பு நெடுகிலும், தரைக்கடியில் ஓடும் நீளச் சட்டத்திலும் சேர்த்துப் பரப்ப வேண்டும். இரண்டு மூன்று புள்ளியில் மட்டும் பிடித்தால் தகடு கிழிந்துவிடும். 2020-இல் வந்த புது லேண்ட் ரோவர் டிஃபெண்டர் அலுமினிய மோனோகாக். அதில் இரும்பை வெல்ட் வைக்கும் பேச்சே இல்லை. அந்த வண்டிக்கென்றே வடிவமைத்த போல்ட் முறை மட்டும்தான். பழைய டிஃபெண்டர் வேறு கதை. ஏணி சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டிருக்கும், ஸ்லைடரை அவற்றில் பிடிக்கலாம். மின்சார வண்டியில் இரண்டு சில்லுக்கும் நடுவே பேட்டரிதான் படுத்திருக்கிறது. அங்கே துளை போடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

உங்கள் வண்டிக்குத் திரும்புவோம். பாடி, சேஸிஸ் மேல் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. கரடான பாதையில் இரண்டும் தனித்தனியாக அசையும். எனவே ஸ்லைடரைச் சேஸிஸிலும் பிடித்து, ஆடாமல் இருக்கட்டும் என்று பாடியிலும் ஒரு போல்ட் போட்டால், ரப்பர் செய்ய வேண்டிய வேலையைப் பாடித் தகடு செய்ய ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் கதவு உராயும், அப்புறம் மூட மறுக்கும். சில்லுக்கும் ஸ்லைடருக்கும் நடுவே 12 முதல் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஸ்லைடர் அடி வாங்கும்போது கொஞ்சம் மேலே வளைந்து திரும்பும். அந்த இடமும் இதற்குள்தான். அதற்கு மேல் இடைவெளி விட்டால் ஸ்லைடர் கீழே தொங்கி, காப்பாற்ற வந்ததே முதலில் தட்டும்.

வெளிப்புற வட்டப் பைப் உடலை ஒட்டிக் கிடைமட்டமாக நிற்பதைவிட, 10 முதல் 20 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்து நிற்பது நல்லது. சாயும் வண்டியில் பாறை முதலில் அதைத்தான் தொடும், கதவின் அடியை இல்லை. பின் கோடியில் அந்தப் பைப்பைக் கொஞ்சம் வெளியே வளைத்து விடுவார்கள். பார்க்க அலங்காரம் போல இருக்கும். ஆனால் ஸ்லைடரின் வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. திருப்பத்தில் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்ளே வெட்டிப் போகும். மரமோ பாறையோ பக்கத்தில் இருந்தால் பின் கதவுதான் அதில் போய் உரசும். வெளியே வளைந்த அந்தக் கோடி மரத்தில் சாய்ந்து, வண்டியின் பின்பாதியைத் தள்ளிக்கொண்டு போகும். அதற்காகப் பாடியை விட்டு வெகுதூரம் நீட்ட வேண்டாம், ஏற்கெனவே குறுகலான பாதை.

கால்களுக்குக் கீழே முக்கோண முட்டு வைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. வலு கூடும், உண்மைதான். ஆனால் அது பாறையில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். அந்த முட்டுத் துண்டைக் கிடைவாக்கில், காலுக்கும் முதன்மைப் பைப்புக்கும் நடுவே வைக்கச் சொல்லுங்கள். வண்டி முன்னே போகும்போது பாறை பின்னே இழுக்கும் விசையை அது தாங்கும், கீழே எதுவும் தொங்காது.

துளை போடும் முன் அல்லது தீப்பொறி பறக்கும் முன் சேஸிஸின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பிரேக் பைப், எரிபொருள் பைப், வயரிங் எல்லாம் அந்தச் சட்டத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். அதனால் இடது பக்கம் சுமுகமாக முடிந்தது என்று வலது பக்கத்தில் கவனத்தை விட்டுவிடக் கூடாது. வண்டியில் வைத்து வெல்ட் செய்வதாக இருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், வெல்டிங் எர்த்தை வெல்ட் வைக்கும் இடத்துக்கு மிகப் பக்கத்தில் மாட்டுங்கள். கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். நாக முலாம் பூசிய பைப் என்றால் வெல்ட் வைக்கும் இடத்தில் முலாமைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். செய்து முடித்த ஸ்லைடருக்கு முலாம் பூச அனுப்புவதாக இருந்தால், மூடிய பைப் எல்லாவற்றிலும் காற்றுத் துளை இருந்தே ஆக வேண்டும். உள்ளே அடைபட்ட ஈரமும் காற்றும் சூடான நாகத் தொட்டியில் பைப்பை வெடிக்க வைக்கும். மிகையாகச் சொல்லவில்லை.

பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியா என்று பாருங்கள். அதன் உணரிகள் நடுத்தூணின் அடியிலோ கதவுக்குள்ளோ இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் எதையும் துளைக்கவோ மாட்டவோ கூடாது. பக்கவாட்டில் மோதல் வந்தால் பாடி நசுங்கும் விதத்தையும் ஒரு விறைப்பான இரும்பு மாற்றிவிடும். உங்கள் மாடலுக்கென்று சோதித்துச் செய்த ஸ்லைடர் கிடைத்தால் நாமே செய்வதைவிட அதைத்தான் சொல்வேன். பதிவு விதியும் காப்பீடும் வெளியே நீண்டிருக்கும் பைப்பை ஏற்குமா என்பதையும் பொருத்தும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பொருத்தும் நாள். முதலில் பழைய ஃபுட்ஸ்டெப்பைக் கழற்றி, அந்தத் துளைகளில் தண்ணீர் புகாமல் அடையுங்கள். சில்லின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், அவை அடைபட்டுத்தான் பல வண்டிகளின் சில் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் இருக்க, இரண்டு ஜாக்கியில் ஸ்லைடரைத் தூக்கி நிறுத்தி, எல்லா போல்ட்டையும் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். இடைவெளியை முன், நடு, பின் மூன்று இடத்திலும் அளந்துவிட்டு அப்புறம் இறுக்குங்கள். சைலன்சர் குழாய் எந்தக் காலையும் தொடாமல், சூட்டில் நீண்டாலும் ஆடினாலும் இடம் இருக்கும்படி பாருங்கள். கதவு எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து மூடுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி முன் டயருக்கும் ஸ்லைடர் முனைக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது டயர் இன்னும் பின்னே வரலாம், அதையும் சேர்த்து யோசியுங்கள். பெரிய டயர் போட்டவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அப்புறம் உண்மையான சோதனை. எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு அடைப்பு வைத்து, ஸ்லைடரின் நடுவில் தரை ஜாக்கியை வைத்து, அந்தப் பக்கத்து இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பும் வரை மெதுவாகத் தூக்குங்கள். வண்டிக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது. ஸ்லைடர் சில்லைத் தொட்டால் கால்கள் போதாது. இறக்கிய பிறகு இடைவெளியை மறுபடி அளந்து, ஒரு மில்லிமீட்டர் மாறியிருந்தால்கூட எந்த போல்ட் நகர்ந்தது என்று தேடுங்கள். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத பட்டறையிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். உயரமான பண்ணை ஜாக்கி வைத்துத் தூக்கும் பழக்கம் இருந்தால், வட்டப் பைப்பில் அதன் நாக்கு வழுக்கும். நாக்கு உட்கார ஒரு பள்ளமோ இரண்டு காதோ முன்கூட்டியே வெல்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கரடான ஓட்டத்துக்கு அப்புறம் எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று டார்க் ரென்ச்சில் பாருங்கள். தகட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருந்த பெயின்ட் அமுங்கியே கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

பெயின்ட் விஷயத்தில் பவுடர் கோட்டிங் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நான் போடுவதில்லை. பாறை ஒரு இடத்தில் உரித்தால் அதன் அடியில் துரு நெடுக ஊர்ந்துவிடும், வெளியே தெரியாது. சாதாரண ப்ரைமரும் கறுப்பு பெயின்ட்டும் போதும். சேஸிஸில் போட்ட துளைகளின் விளிம்புக்கும் அதே ப்ரைமர், பெட்டிச் சட்டத்துக்குள் கொஞ்சம் மெழுகுத் தெளிப்பு. பைப்பின் தாழ்ந்த இடத்தில் ஒரு சின்ன வடிகால் துளை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் ஸ்லைடருக்கும் சில்லுக்கும் நடுவே அடைந்த சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, அடியில் உரிந்த இடங்களில் தூரிகையால் ஒரு கோட்டிங் கொடுங்கள். பத்து நிமிட வேலை. அந்த உரசல்கள் எந்தக் காலுக்குப் பக்கத்தில் அதிகம் என்று அப்போது கவனித்துக்கொண்டால், அடுத்த தடவை எந்த போல்ட்டை முதலில் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.